சம்பளம் வந்தவரும் வட்டி கட்டியவரும்

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், மாமியார் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். கொழுந்தனார் சிறிய அச்சகம் நடத்திவந்தார். கட்டுப்பாடுகளால் அதை மாதக்கணக்கில் மூட நேர்ந்தது. தளர்வு அறிவித்ததுமே திறக்கப்போவதாகச் சொன்னார். “உனக்குக் கடை முக்கியமா, அம்மா உயிர் முக்கியமா?” என்று என் கணவர் கேட்டார். “அம்மாவுக்கு 79 வயது, வாழ வேண்டியதை வாழ்ந்தாயிற்று. என் பிள்ளைகள் இனிமேல்தான் வாழ வேண்டும்” என்று அவர் சொல்லிவிட்டார். மாமியார் அடுத்த அறையில்தான் இருந்தார். பிறகு அச்சகம் கடனில் மூழ்கியது, அவர்களும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். என் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் சம்பளத்துக்குக் குறை வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை பேச்சில்லை. ஊரடங்கு விஷயத்தில் யார் சொன்னது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால் இருவரும் ஏற்றுக்கொள்வார்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, சம்பளத்துக்குக் குறை வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொழுந்தனார் சொன்ன சொல் கொடியது, சந்தேகமில்லை. ஆனால் அப்போது உலகம் முழுவதும் அதைப் பலர் பல விதமாகச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் துணை ஆளுநர் டான் பேட்ரிக் தொலைக்காட்சியிலேயே பேசினார். பேரப்பிள்ளைகளுக்காக நாட்டின் பொருளாதாரத்தைக் காப்பாற்ற, தன்னைப் போன்ற தாத்தா பாட்டிகள் ஆபத்தை ஏற்கத் தயாராக இருப்பார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். தன் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் சார்பில் கையெழுத்துப் போட அவரை யார் அழைத்தார்கள்? உங்கள் வீட்டிலும் இதுவே நடந்திருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும். அம்மாவின் உயிரைக் காட்டி ஒருவர் வாதாடினார், அம்மாவின் வயதைக் காட்டி இன்னொருவர் வாதாடினார். அடுத்த அறைக்குப் போய் அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

இனி தீர்ப்பு. உங்கள் கணவரின் பயம் நியாயமானது. தடுப்பூசிக்கு முந்தைய காலத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், தொற்றியவர்களில் இறப்பு விகிதம் 55 வயதில் சுமார் 0.4 சதவீதம், 75 வயதில் 4.6 சதவீதம், 85 வயதில் சுமார் 15 சதவீதம் என்று தெரியவந்தது. 79 வயது அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர் நாள் முழுதும் வாடிக்கையாளர்களோடு பழகிவிட்டு வருவது சிறிய ஆபத்தில்லை.

முதியவர்களை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றவர்கள் வழக்கம்போல வாழலாமே என்ற யோசனையும் அப்போது இருந்தது. 2020 அக்டோபரில் மார்ட்டின் குல்டார்ஃப், சுனேத்ரா குப்தா, ஜெய் பட்டாச்சார்யா ஆகிய மூன்று பேராசிரியர்கள் கிரேட் பேரிங்டன் பிரகடனம் என்ற பெயரில் இதையே முன்வைத்தார்கள். அதே மாதம் வேறு பல விஞ்ஞானிகள் ஜான் ஸ்னோ அறிக்கை வெளியிட்டு அதை மறுத்தார்கள். காகிதத்தில் அழகான யோசனைதான். ஆனால் முதியவர் தீவில் வாழ்வதில்லை. அவருக்கு மருந்து கொடுப்பவரும் குளிப்பாட்டுபவரும் வெளியிலிருந்து வருகிறார்கள். கட்டாயத்தைக் குறைத்து, மக்களின் பொறுப்புணர்வை நம்பிய ஸ்வீடனில் முதல் அலையிலேயே முதியோர் இல்லங்களில் மரணங்கள் குவிந்தன. முதியவர்களைக் காக்கும் முயற்சி தோற்றுவிட்டது என்று அந்நாடு நியமித்த விசாரணைக் குழுவே 2020 டிசம்பரில் சொன்னது. சமூகத்தில் பரவிய தொற்றையும், முதியோர் பராமரிப்பில் நெடுங்காலமாக எல்லோருக்கும் தெரிந்தே இருந்த குறைபாடுகளையும் அது காரணங்களாகக் காட்டியது.

இதைப் படித்துக் காட்டி உங்கள் கணவர் வெற்றிக்கொடி நாட்ட வேண்டாம். 2020 முதல் 2022 வரையிலான மிகை மரணங்களை, அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேல் நேர்ந்த மரணங்களை, மொத்தமாகக் கணக்கிட்டால், ஐரோப்பாவில் அது குறைவாக இருந்த நாடுகளில் அதே ஸ்வீடனும் ஒன்று. முதல் சில மாதங்களுக்குப் பொருந்திய வாதம் அடுத்த இரண்டு வருடங்களுக்கும் அப்படியே பொருந்தவில்லை. கதவை அடைத்ததற்கும் விலை இருந்தது. பார்வையாளர் தடையால் பிள்ளைகளின் முகம் பார்க்காமலே முதியோர் இல்லங்களில் இறந்தவர்கள் உண்டு. நெதர்லாந்து 2020 மே மாதத்திலேயே 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவருக்கு ஒரு பார்வையாளர் என்று கவனமாக அனுமதித்துப் பார்த்தது. முழுக்கத் திற, முழுக்க மூடு என்ற கூச்சலுக்கு நடுவில் இப்படி நிதானமாக யோசித்தவர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு ஆறுதல்.

கொழுந்தனாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சகத்தை அழித்தது அரசு ஆணை மட்டுமே என்று அவர் நினைத்தால் அது பாதிக் கதைகூட இல்லை. கூல்ஸ்பீ, சிவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள், அமெரிக்காவில் ஒரே வட்டாரத்தில் கட்டுப்பாடு இருந்த பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் கைபேசித் தரவுகள் மூலம் ஒப்பிட்டார்கள். கடைகளுக்கு வருவோர் எண்ணிக்கை 60 சதவீதம் சரிந்திருந்தது. அந்த 60-இல் சட்டக் கட்டுப்பாடுகளின் பங்கு வெறும் 7தான். மற்றவர்கள் பயந்து தாங்களாகவே வீட்டில் இருந்துவிட்டார்கள். டென்மார்க் கடைகளை மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் திறந்து வைத்தது. வங்கி வாடிக்கையாளர்களின் செலவு டென்மார்க்கில் 29 சதவீதம் குறைந்தது, ஸ்வீடனில் 25. வித்தியாசம் அவ்வளவுதான். விழாக்களே நடக்காத மாதங்களில் அச்சகத்தைத் திறந்து வைத்திருந்தாலும் அழைப்பிதழ் அடிக்க யார் வந்திருப்பார்கள்?

அப்படியானால் அவருடைய கோபத்தில் நியாயமே இல்லையா? நிறைய இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. கட்டுப்பாடு வேண்டுமா என்பது ஒரு கேள்வி. வேண்டுமென்றால் அதன் செலவை யார் ஏற்பது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குத் தொண்டை வறளச் சண்டை போட்ட உலகம், இரண்டாவதைப் பல இடங்களில் கைகழுவிவிட்டது. சில அரசுகள் அதை நேராக எதிர்கொண்டன. வேலைக்கு வர முடியாத ஊழியர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தைப் பிரிட்டன் ஒரு வரம்புக்குள் ஏற்றது. ஆட்குறைப்பு செய்யாத நிறுவனங்களுக்கு டென்மார்க் 75 சதவீதம் கொடுத்தது. அத்தகைய உதவி கிடைக்காத சிறு தொழில்காரர்கள் எல்லோருடைய பாதுகாப்புக்கும் தங்கள் பையிலிருந்து பணம் கட்டினார்கள். மாதச் சம்பளக்காரர்களான நம்மில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இலவசமாகவே வந்தது.

உங்கள் அந்த வரிக்கு இப்போது வருகிறேன். வாடகையும் வட்டியும் கழுத்தை நெரிக்கும் தம்பியிடம், முதல் தேதியில் சம்பளம் வாங்கும் அண்ணன் ‘கடையா, அம்மாவா’ என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் தவறில்லை. ‘கடையை மூடு, இந்த மாத வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தொடர்ந்திருக்க வேண்டும். அம்மாவைக் காப்பது இரண்டு மகன்களின் கடமை என்றால் அதற்கான செலவும் இரண்டு பேருடையதுதானே? அப்படி ஏதாவது உதவி செய்திருந்தால் நீங்கள் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை என்பதால் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தம்பியின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். அதற்காக அந்த வார்த்தையை மன்னித்துவிட முடியாது. அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் அம்மா, அண்ணன் அல்ல.

எனவே இருவரையும் உட்காரவைத்து 2020-ஐ மறுபடி விசாரிக்காதீர்கள். என் பதிலையும் சாட்சியாக நீட்டாதீர்கள், புள்ளிவிவரத்தால் சமாதானமான சகோதரர்களை நான் பார்த்ததில்லை. உங்கள் கணவர் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகட்டும். அச்சகக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்கட்டும். தன்னால் முடிந்த ஒரு பங்கை, அறிவுரை எதுவும் சேர்க்காமல், ஏற்கட்டும். தம்பி மறுக்கலாம், முதல் முறை மறுக்கத்தான் செய்வார். ஒரு மாதம் கழித்து மறுபடி போகச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் மாமியாரிடம் பேசுங்கள். மகன்கள் இருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அன்று உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேளுங்கள். ‘அச்சகத்தைத் திறக்கச் சொல்லியிருப்பேன்’ என்றும் அவர் சொல்லக்கூடும், ‘எனக்குச் சாகப் பயமாக இருந்தது’ என்றும் சொல்லக்கூடும். எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதை மகன்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.