கோத்தகிரியில் என் வீட்டுப் பின்கட்டில், பழைய கெக்குகளை (ஆலைகள் பீர் அடைத்து அனுப்பும் எவர்சில்வர் பீப்பாய்கள்) வைத்து, தானியத்திலிருந்தே பீர் காய்ச்சும் அமைப்பைக் கட்ட முடியுமா?

கட்ட முடியும். அதில் பீர் காய்ச்சத்தான் முடியாது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், "கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போவதுதானே, இவ்வளவு ஆசை எதற்கு?" என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். நான் குடிப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அதுவும் யாராவது வற்புறுத்தினால். ஆனால் இதே அமைப்பை என் கையால் வெட்டி, வெல்டிங் வைத்துக் கட்டியிருக்கிறேன். இதைக் குடிகாரர் வேலை என்று ஒதுக்குகிறவருக்கு எஃகைப் பற்றியும் தெரியாது, தானியத்தைப் பற்றியும் தெரியாது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "வெள்ளைக்காரன் நீலகிரியில் பீர் ஆலை நடத்தினானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தினான். 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் தென்னிந்தியாவின் சிறு ஆலைகளைச் சேர்த்து யுனைட்டெட் புரூவரீஸைத் தொடங்கியபோது நீலகிரி ஆலையும் அதில் சேர்ந்தது. அதெல்லாம் உரிமம் வாங்கிய வியாபாரம். 1937இல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு அரசுக் கடை இருக்கிறது என்பதால் அது செத்துவிடவில்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டில் ஒரு வாளி பீர் என்றாலும் குற்றம்தான். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அத்தனை பேர் இறந்த பிறகு தண்டனைகளையும் கடுமையாக்கிவிட்டார்கள். நொதித்து வரும் பீர் வேறு, மெத்தனால் சாராயம் வேறு என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த வேறுபாட்டைக் காவல் நிலையத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

நான் கட்டியது இங்கிலாந்தில். அங்கே 1963 முதல் வீட்டு உபயோகத்துக்கு, விற்காமல், பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. சாராயம் காய்ச்சி வடிக்கத்தான் தடை. மனைவிக்கு லீட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை. நான் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டராக (ஆர்கான் வாயுவைப் பாய்ச்சி எவர்சில்வரை ஒட்டுகிறவர்) இருந்தேன். அதற்கு முன் கோத்தகிரியில் அப்பாவின் பட்டறையில் தேயிலை ஃபாக்டரிகளுக்கு டிரையர் தட்டு, சல்லடை, குழாய் எல்லாம் செய்துகொண்டிருந்தவன். கூட வேலை செய்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு நாள், "மூன்று கெக் இருக்கிறது, வெட்டித் தருவாயா?" என்று கேட்டார். நான் முதலில் கேட்டது, "யாருடைய கெக்?" என்பதுதான். கெக் என்பது ஆலையின் சொத்து. பார் நடத்துகிறவருக்கும் சொந்தமில்லை, காயலான் கடைக்காரருக்கும் சொந்தமில்லை. அவர் ஆலை கொடுத்த ரசீதைக் காட்டினார். அதன் பிறகே கிரைண்டரைக் கையில் எடுத்தேன்.

கெக்கை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இணையத்தில் படம் பார்த்துச் செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். காலியாகத் தெரியும் கெக்குக்குள்ளும் அழுத்தம் இருக்கும். கழுத்திலுள்ள வால்வின் நடுப்பகுதியை அழுத்தி, சீறல் முழுவதும் அடங்கிய பிறகே பூட்டு வளையத்தை நெம்ப வேண்டும். அவசரப்பட்டால், அடிவரை இறங்கியிருக்கும் குழாய் ஈட்டிபோல் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும். விளையாட்டு இல்லை, உயிர் போகும்.

பிறகு தலைப்பகுதியில் வட்டம் போட்டு, மெல்லிய கட்டிங் வீலால் வெட்டி, விளிம்பைக் கை கிழிக்காதபடி தேய்க்க வேண்டும். இரும்பு வெட்டிய வீலை எவர்சில்வரில் வைக்காதீர்கள். இரும்புத் தூள் ஒட்டி, ஒரே வாரத்தில் துருப்புள்ளி தெரியும். அடியில் சாற்றை இறக்கும் வால்வுக்கு (ball valve) ஒரு துளை. வெல்டிங் வேண்டாம் என்றால் சிலிக்கோன் வளையம் போட்டு இருபக்கமும் நட்டு முறுக்கலாம், ஒழுகாது. வெல்டிங்தான் வேண்டும் என்றால் வெளியே ஆர்கான் ஓடினால் போதாது. உள்பக்கமும் ஆர்கான் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே தையல் அழகாக இருக்கும், உள்ளே கருத்துப் பொரிந்து சொரசொரப்பாகிவிடும். அந்தப் பொரியலுக்குள் கிருமி குடியேறினால் எந்தக் கழுவலுக்கும் போகாது. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், டார்ச் அடித்து நிறத்தைப் பாருங்கள். வெளிர் பொன்னிறம் நல்ல வெல்டிங். நீலம் வந்தால் சூடு கூடிவிட்டது. சாம்பல் நிறம் என்றால் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

குழாய், தகடு வாங்கும்போது 304 என்ற எவர்சில்வர் தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இப்போது கடைகளில் 202 என்ற தரத்தைக் கொடுத்துவிட்டு, "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் எஸ்.எஸ்." என்கிறார்கள். 202லும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த மலிவுச் சரக்கு அது. புளிப்பும் உப்பும் பட்டால் துருவேறும். இதை எடுத்துச் சொன்னால், "பட்டறைக்காரருக்கு என்ன தெரியும்" என்று ஒரு பார்வை. வெல்டர் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிற ஊர் இது. என் அண்ணன் மகனுக்கு எங்களை எல்லாம் மிஞ்சுகிற கை. வரன் அமையவில்லை என்று பட்டறையை விட்டுவிட்டு கோயம்புத்தூரில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, என் வருமானத்தில் பாதிக்கு வேலை பார்க்கிறான். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் நல்ல வெல்டரைத் தேடி நீங்கள் அலையப் போகிறீர்களே, காரணம் தெரிய வேண்டாமா?

மூன்று கெக்கையும் படிப்படியாக உயரத்தில் நிறுத்த வேண்டும். மேலே வெந்நீர், நடுவில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறும் பாத்திரம், கீழே கொதிகலன். பம்பு இல்லாமலே இறங்கிவிடும். உடைத்த மால்ட் 5 கிலோவுக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர். 72, 73 டிகிரியில் ஊற்றினால் கலந்து 66 டிகிரிக்கு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் அந்தச் சூடு இறங்கக் கூடாது. தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நேரம் அது. நடுக் கெக்கின் அடியில் ஒரு துளைத் தகடு உண்டு. எல்லோரும் அதுதான் வடிகட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையான வடிகட்டி பார்லியின் உமி. தகடு அதைத் தாங்குகிறது, அவ்வளவுதான். அதனால் மால்ட்டை மாவாக அரைக்காமல், உமி சிதையாமல் உடைக்க வேண்டும். முதலில் கலங்கி வருவதை மறுபடி மேலேயே ஊற்றுங்கள், சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். வால்வைக் கால்வாசிக்கு மேல் திறக்காதீர்கள். வேகமாக இழுத்தால் படுகை இறுகி அடைத்துக்கொள்ளும். கடைசியாக, 76 டிகிரி வெந்நீரை மேலே மெதுவாகத் தெளித்து மிச்ச இனிப்பையும் இறக்க வேண்டும். அதற்கு மேல் சூடாக்கினால் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும்.

ஊர் திரும்பும்போது அந்த மூன்று கெக்கையும் அவர் எனக்கே கொடுத்துவிட்டார். கப்பல் கூலி அவற்றின் விலையைவிடக் கூடுதல். ஏன் கொண்டுவந்தாய் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். சீசனுக்கு மேலே ஏறிவரும் சொந்தக்காரர்கள், "மாமா, இன்றைக்கு உங்கள் எந்திரத்தில் ஏதாவது இறங்கியிருக்கிறதா?" என்று கண்ணடிக்கிறார்கள்.

இறங்குகிறது, மால்ட் பாகு. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, மேலே சொன்னபடி இனிப்புச் சாற்றை இறக்கி, கீழ்க் கெக்கில் சுண்டக் காய்ச்சினால் தேன் நிறத்தில் பாகு வரும். பேரப்பிள்ளைகளுக்குப் பாலில் ஒரு கரண்டி. ஈஸ்ட் படாதவரை அது மது இல்லை. சக்கை பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது. கீழ்க் கெக் தனியாக ஊர்க் கோயில் விசேஷத்துக்குப் போய் தேநீர் போட்டுவிட்டு வருகிறது. அடியில் வால்வு இருப்பதால் மொண்டு ஊற்றுகிற வேலை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீட்ஸில் 100 டிகிரியில் கொதித்த தண்ணீர், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மால்ட் ஊறுவதற்கு அது தடையில்லை. பீராக இருந்தால் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு இறங்க இன்னும் அதிக நேரம் கொதிக்க வைக்க வேண்டியிருக்கும். நம் குளிர் நொதிப்புக்கு உகந்தது என்று நீங்கள் எழுதியது சரிதான். பல ஈஸ்ட் வகைகளுக்கு 18, 20 டிகிரிதான் தேவை. ஆனால் அந்தப் படிக்கு நீங்கள் போகப் போவதில்லை.

உங்களிடம் இரண்டு கெக் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. தோள்பட்டையில் ஆலையின் பெயர் பொறித்திருக்கும். அந்த ஆலையின் ரசீது கையில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு, 50 லிட்டர் எவர்சில்வர் அண்டா வாங்குங்கள். வெட்டுகிற வேலையும் மிச்சம். ரசீது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், துளை எங்கே போடுவது என்று குறித்துத் தருகிறேன். ஈஸ்ட் எங்கே கிடைக்கும் என்று கீழே கேட்கிறவர்களுக்கு நான் பதில் எழுத மாட்டேன்.