கம்பி அறுந்துவிடுமா? ஜிப்லைன் ஏறத் தயங்கும் தண்டையார்பேட்டை வாசகிக்கு

கேள்வி: எனக்கு வயது 43, எடை 52 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போகிறோம். ஜிப்லைனில் நீயும் வந்தே ஆக வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும். ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே பதறுகிறது. கம்பி அறுந்துவிடாதா? நான் போகலாமா?

பதில்: துறைமுகப் பக்கம் கிரேன்களின் வயர் ரோப்பை, அதாவது எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பியை, சோதிப்பது என் தொழில். அதனால் கம்பியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜிப்லைனுக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அளவுள்ள எஃகு ரோப் போடுவார்கள். அது அறுபட ஏறக்குறைய 8 டன் இழுவை வேண்டும். 200 மீட்டர் நீளக் கம்பியின் நடுவில் 80 கிலோ ஆள் வரும்போது அது 10 மீட்டர் தொய்ந்தால், கம்பியின் சொந்த எடையையும் சேர்த்து அதில் வரும் இழுவை சுமார் 700 கிலோதான். தாங்கும் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே கம்பியை 5 மீட்டர் மட்டும் தொய்யும்படி விறைப்பாகக் கட்டினால் இழுவை இரண்டு மடங்காகிவிடும். மாடியில் துணிக்கொடியை முறுக்கிக் கட்டிவிட்டு ஈரப் போர்வையைப் போட்டால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வருகிறதல்லவா, அதே கணக்குதான். ஆகவே கம்பி தொய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வயர் ரோப் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் அறுவதும் இல்லை. முதலில் தனித்தனி இழைகள் உடைந்து முள்போல வெளியே நீட்டும். ரோப்பின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்த இழைகளில் 10 சதவீதத்துக்கு மேல் உடைந்து தெரிந்தால் அந்த ரோப்பைக் கழித்துவிட வேண்டும் என்பது துறைமுக வேலையில் பழைய விதி. நீங்கள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மேடையருகே கம்பியை உற்றுப் பாருங்கள். முள் நீட்டியிருந்தாலோ, துரு உதிர்ந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். கம்பியை மடக்கிக் கிளிப் போட்டுக் கட்டியிருந்தால் குறைந்தது மூன்று கிளிப் இருக்க வேண்டும். அவற்றில் U போல வளைந்த யூ போல்ட் சுமை தாங்கும் பக்கத்தை அழுத்தக் கூடாது, மடக்கிவிட்ட குட்டை முனையான வால் பக்கம்தான் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிடிமானம் குறைந்துவிடும். இந்த ஒன்றை நான் எங்கே போனாலும் பார்ப்பேன்.

உண்மையில் உங்கள் கவலையைக் கம்பியிலிருந்து எடுத்து வேறு இரண்டு இடங்களில் வைக்கச் சொல்வேன். ஒன்று, உங்களைக் கம்பியில் மாட்டிவிடும் கைகள். மற்றது, நீங்கள் போய் நிற்கும் முனை.

உங்களைத் தொங்கவிட இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைத் தொகுப்புதான் ஹார்னஸ். அதன் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுகியிருக்க வேண்டும். தொடைப் பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், உள்ளே முஷ்டியை மடக்க இடம் இருக்கக் கூடாது. உங்களுக்கும் கம்பியில் உருண்டு ஓடும் கப்பிக்கும் இடையே இரண்டு தனித்தனி இணைப்புகள் கேளுங்கள். கொக்கிகளின் திருகு பூட்டப்பட்டிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கும் முனையைப் பற்றி, "பிரேக் எது? அது பிடிக்காவிட்டால் அடுத்தது எது?" என்று கேளுங்கள். கையுறை போட்ட கையால் கம்பியைப் பிடித்து நீங்களே வேகத்தைக் குறைக்கச் சொன்னால், முதல்முறை போகிறவருக்கு அது வேண்டாம். ஒருவர் நின்று பிடித்துக்கொள்வார், மெத்தை கட்டியிருக்கிறது என்பதோடு பதில் முடிந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, ஏறாதீர்கள். முந்தைய ஆள் இறங்கி நகர்ந்துவிட்டார் என்று அந்த முனையிலிருந்து வாக்கிடாக்கியில் தகவல் வந்த பிறகே அடுத்தவரை விடுகிறார்களா என்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தாலே தெரிந்துவிடும்.

இனி உங்கள் பயம். நாம் நிலையாக நிற்கக் கண், உள்காது, பாதம் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. உயரத்தில் கண்ணுக்கு அருகே அசையாத பொருள் எதுவும் இல்லாதபோது உடம்பின் சிறு ஆட்டத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடிவதில்லை. அதனால் ஆட்டம் கூடி, கால் கூசுகிறது. இது கோழைத்தனம் இல்லை. மேடையில் நிற்கும்போது பள்ளத்தாக்கைப் பார்க்காமல் பக்கத்துக் கம்பத்தையோ பயிற்சியாளரின் ஹெல்மெட்டையோ பாருங்கள். ஹார்னஸில் உட்கார்ந்துவிட்டால் நிற்கும் வேலையே இல்லை என்பதால், பலருக்கு மேடையை விட்டதும் அந்தக் கூச்சம் தணிந்துவிடும். கஷ்டமெல்லாம் அந்தக் கடைசி அடியில்தான்.

அதற்கு ஒரு வழி உண்டு. பாதம் மேடையில் இருக்கும்போதே முழங்காலை மடக்கி, மெதுவாக முழு எடையையும் ஹார்னஸில் இறக்கி உட்காருங்கள். அது உங்களைத் தாங்குவதை உடம்பே உணரட்டும். பிறகு காலை எடுத்தால் போதும், குதிக்கத் தேவையில்லை. "ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டாம், தள்ள வேண்டாம், நானே சொல்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் விரல் மரத்து, தலை சுற்றும். அதை மயக்கம் என்று நினைத்து இன்னும் பயப்படுவோம்.

ஒரு மாதம் இருக்கிறதே, பழகிக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் புதுவண்ணாரப்பேட்டையில் ரயில் சுரங்கத்தை விட்டு மேலே வந்துவிடும். டோல்கேட்டில் இறங்கி, மேல்தளத்தில் சுவரைப் பிடித்தபடி வெளியே பாருங்கள். பதற்றம் தானாகக் குறையும்வரை நில்லுங்கள். பாதியில் ஓடிவந்தால் பயம்தான் வளரும். வாரம் சில தடவை போதும்.

எடை குறைந்தவர்கள் எதிர்க்காற்றில் முனைக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுவது உண்டு. அதில் ஆபத்து இல்லை. அங்குள்ள பணியாளர்கள் சொல்கிறபடி திரும்பி, கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து வரலாம், அல்லது பணியாளர்களே வந்து இழுப்பார்கள். ஓடும்போது மட்டும் கப்பிக்கு முன்னால் கையை வைக்கவே கூடாது.

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அன்று காலை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஏலகிரி ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி வரும் உடம்பு என்றால் வண்டியில் முன்சீட்டில் உட்காருங்கள், இறங்கி நன்றாக ஓய்வெடுத்த பிறகே ஏறுங்கள். சுடிதார் போடலாம், துப்பட்டா வேண்டாம். முடியை இறுக்கிக் கட்டி, தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வார் வைத்த செருப்போ ஷூவோ நல்லது. மழையும் இடியும் இருந்தால் யார் வற்புறுத்தினாலும் வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தால் தாராளமாகப் போகலாம். வரிசையில் மகளுக்கு முன்னால் நீங்கள் நில்லுங்கள், காத்திருக்கக் காத்திருக்கப் பயம் கூடும். உங்கள் கணவர் கடைசியாக வரட்டும். அவளுடைய கொக்கிகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க மேடையில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.