பச்சை டி-ஷர்ட்டும் பால்வாடித் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

காரிமங்கலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தன்னார்வக் குழு தொடங்கினேன். மாதம் ஒரு பணி என்று ஆண்டு முழுவதற்கும் அட்டவணை போட்டு, கைக்காசில் பச்சை டி-ஷர்ட்டும் எடுத்துக் கொடுத்தேன். முதல் ஞாயிறு முப்பது பேர். இப்போது ஆறு பேர் வந்தாலே அதிகம். பெண் பிள்ளைகளை வீட்டில் விடுவதில்லை. மற்றவர்களுக்கு செல்போனே கதி. சான்றிதழ் தருவதாகச் சொன்னால் வருவார்களா? இந்தத் தலைமுறைக்குப் பொதுநலத்தை எப்படி ஊட்டுவது?

எம்.

அன்புள்ள எம்,

கைக்காசைப் போட்டு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுக்கொடுக்கும் ஆசிரியர்கள் குறைவு. அந்த உரிமையில்தான் திட்டுகிறேன். அட்டவணையை இணைத்திருந்தீர்கள், பார்த்தேன். மரம் நடுதல், நெகிழி ஒழிப்பு, தூய்மைப் பேரணி. பிள்ளைகள் கேட்டு வைத்தது என்று ஒரு வரி இல்லை. பிறகு எதற்கு வருவார்கள்? செல்போன் புலம்பலை விடுங்கள். வருகிற ஆறு பேரிடமும் செல்போன் இருக்கும்.

1992இல் ரோஜர் ஹார்ட் என்பவர் யுனிசெஃப்புக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். கீழிருந்து இரண்டாம் படிக்குப் பெயர் அலங்காரம். அதற்கு அவர் சொல்லும் உதாரணமே, ஏதோ ஒரு காரியத்துக்கான டி-ஷர்ட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவதுதான்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். நம் தருமபுரி மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பல்லின் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அதைக் குடித்து வளர்ந்தால் பல் காவியாகத்தான் வரும். பிற்பாடு நல்ல தண்ணீருக்கு மாறினாலும் அந்தக் கறை போகாது.

அந்த ஊரில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி வைத்தார்கள். டி-ஷர்ட், பதாகை எல்லாம் உண்டு. முன்வரிசைப் பெண்ணைப் பார்த்து போட்டோகிராபர் "நல்லா சிரிம்மா" என்கிறார். அவள் துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். கையில் 'ஃப்ளோரைடை ஒழிப்போம்'. மேடையில் ஒரு பெரிய மனிதர், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவுரை சொன்னார். கீழே அந்தப் பெண் என்னிடம் முணுமுணுத்தாள்: "கொதிச்சா தண்ணிதான் சார் சுண்டும். ஃப்ளோரைடு அப்படியேதான இருக்கும்?" அவள் சொன்னதுதான் சரி. மைக் அவரிடம் இருந்தது.

பிறகு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கூடி ஒரு முடிவெடுத்தார்கள். கேட்டவர்களுக்குச் சப்பென்றிருந்தது. பால்வாடிக்குத் தினமும் ஃப்ளோரைடு தொல்லை இல்லாத ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது, அவ்வளவுதான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி ஊருக்குள் குழாயும் வந்துவிட்டது. ஆனால் குழாய் தெருமுனையில். முழங்கால் வலியோடு ஆயா அவ்வளவு தூரம் நடப்பாரா? பக்கத்து அடிபம்பில் பிடித்துத்தான் உலை வைத்துக்கொண்டிருந்தார். தினமும் தம்பி தங்கையைக் கொண்டுபோய் விடுகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது தெரியும். தங்கள் பல் இனி மாறாது, உள்ளே விளையாடும் மூன்று வயதுக் குழந்தைக்கு எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. பேரணி நடத்திய எந்தப் பெரியவரும் இந்தக் கணக்கைப் போடவில்லை.

முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. குழாயில் தண்ணீர் வந்த நாள், வராத நாள், யார் முறை, யார் டிமிக்கி, எல்லாம் அதில் இருக்கும். பரீட்சைக்கு நிறுத்தினார்கள். "பார்த்தீங்களா, எல்லாம் நாலு நாள் கூத்து" என்றார்கள் ஊரில். பரீட்சை முடிந்ததும் குடம் மறுபடி கிளம்பியது. பெண் பிள்ளைகளை எந்த வீட்டிலும் தடுக்கவில்லை. குடத்தோடு போகிற பெண்ணை நம் ஊரில் யார் எங்கே என்று கேட்கிறார்கள்?

கிராம சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர். பதினாறு வயதில் தீர்மானம் கொண்டுவர முடியாது. பெரியவர் தேவைப்பட்டது அந்த இடத்தில்தான். பிள்ளைகள் நோட்டை வாசித்தார்கள், ஒரு பாட்டி எழுந்து பால்வாடிக்குக் குழாய் வேண்டுமென்று முன்மொழிந்தார். குழாய் உடனே வந்துவிடவில்லை. அடுத்த சபையிலும் பாட்டி எழுந்து கேட்க வேண்டியிருந்தது.

அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். அந்த ஆறு பேர் கையில் கொஞ்சம் பணத்தையும் கணக்கு நோட்டையும் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். கிரிக்கெட் ஆடும் இடத்துச் சீமைக்கருவேல முள்ளை வெட்டப் போகிறோம் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அரிவாள் யார் கையில் இருக்கிறது, மருந்துப் பெட்டி இருக்கிறதா, பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர்ந்தார்களா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. சான்றிதழா? கேட்கிறவனுக்குக் கொடுங்கள், மொத்தமாக அச்சடித்து வைக்காதீர்கள். நவம்பர் 1 கிராம சபைக்கு அவர்கள் ஏதாவது எழுதி எடுத்துப் போனால், முன்மொழிய அந்த ஊர் வாக்காளர் ஒருவரைப் பேசி வையுங்கள். அதுவரை எனக்கு நீங்கள் எழுத வேண்டாம். அவர்கள் எழுதினால் பதில் போடுகிறேன்.