ஒரு காலை இழந்த நீச்சல் வீராங்கனை, உடற்குறை இல்லாதவர்களுடன் ஒலிம்பிக்கில் போட்டியிட முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்காவின் நத்தாலி டு டாய்ட் 2008-ல் பெய்ஜிங்கில் அதைச் செய்தார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மன உறுதியைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மன உறுதி இருந்தது உண்மைதான். ஆனால், நீச்சல் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் என்னை அதிகம் ஈர்ப்பது, தன் உடலுக்கு ஏற்ற பந்தயம் எது என்பதை அவர் கண்டுகொண்ட விதம்.

கேப் டவுனில் 1984-ல் பிறந்த நத்தாலி, 14 வயதிலேயே கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நாட்டுக்காக நீந்தியவர். 2001 பிப்ரவரியில், காலைப் பயிற்சியை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் பள்ளிக்குச் சென்றபோது கார் மோதியதில், இடது காலை முழங்காலோடு இழந்தார். சில மாதங்களில் மீண்டும் குளத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டே மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில், மாற்றுத்திறனாளிகளுக்கான பந்தயங்களில் தங்கம் வென்றதோடு, பொதுப் பிரிவின் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிச் சுற்றுக்கும் முன்னேறினார். ஆஸ்திரேலிய நீச்சல் வீரர் இயன் தோர்ப் ஆறு தங்கம் வென்ற அந்தப் போட்டியில், தலைசிறந்த வீரருக்கான டேவிட் டிக்சன் விருது நத்தாலிக்கே கிடைத்தது.

குளத்தில் ஒற்றைக் காலுடன் நீந்துவதில் எங்கே நேரம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 50 மீட்டர் குளத்தில் 800 மீட்டர் நீந்துபவர் 15 முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் குட்டிக்கரணம் போட்டு, இரண்டு பாதங்களையும் சுவரில் பதித்து, அம்பு போலப் பாய்கிறார்கள்; அவருக்கு அந்த உந்துதலைத் தர ஒரு பாதம் மட்டுமே உண்டு. தொடக்கப் பாய்ச்சலிலும் இதே நிலைதான். நீந்தும்போதும் ஒரு பக்கத்து உதை இல்லாததால் உடல் சாயப் பார்க்கும். அதைக் கைகளும் இடுப்பும் விடாமல் சரிசெய்தாக வேண்டும். செயற்கைக் காலை அணிந்து போட்டியில் நீந்த விதி இடம் தராது என்பதால், கருவியால் கூடுதல் பலன் கிடைத்தது என்று அவரைப் பற்றி யாரும் சொல்லவே முடியாது.

கடல், ஏரி போன்ற திறந்த நீரில் நடக்கும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் சுவரே கிடையாது. அவ்வளவு தூரம் நீந்துபவர்கள் கால்களை அடக்கி வைத்துக்கொண்டு, பெரும்பாலும் கைகளின் வலிமையிலேயே முன்னேறுவார்கள். அதாவது, அவர் இழந்த காலின் தேவை மிகக் குறைவாக இருக்கும் பந்தயம் இதுதான். அதற்காக இதை எளிய வழி என்று நினைத்துவிடக் கூடாது. நெரிசலில் அடியும் உதையும் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரே வேகத்தில் போக வேண்டிய பந்தயம் இது. 2008 மே மாதம் செவில் நகரில் நடந்த உலகப் போட்டியில் நான்காவதாக வந்து, எந்தச் சலுகையும் இல்லாமல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

பெய்ஜிங்கில் அவர் பிடித்தது 16-வது இடம். வெற்றி பெற்ற ரஷ்யாவின் லரிசா இல்சென்கோவுக்கும் அவருக்கும் இடையே இருந்த இடைவெளி 1 நிமிடம் 22 விநாடி மட்டுமே. இரண்டு மணி நேரப் பந்தயத்தில் இது மிகச் சிறிய இடைவெளி என்பேன். முதல் ஐந்து இடங்களுக்குள் வர விரும்பிய அவருக்கோ அது ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் கலந்துகொண்டதே போதும் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை.

அதே ஆண்டு ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் தன் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஏதென்ஸ், பெய்ஜிங் பாராலிம்பிக் போட்டிகளில் தலா ஐந்து தங்கம், 2012-ல் லண்டனில் மூன்று என மொத்தம் 13 தங்கப் பதக்கங்களை வென்று, லண்டனோடு போட்டிகளிலிருந்து விடைபெற்றார்.