140-க்கு மேல் போனால் கார் மிதக்கிறது. ஸ்பாய்லர் போட்டால் சரியாகுமா?

கேட்டவர் சொன்னது இவ்வளவு: டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) பவர் கூட்டியிருக்கிறார். ஸ்பிரிங் மாற்றி வண்டியை இறக்கியிருக்கிறார். 17 இன்ச் அலாய் வீல். நூறு வரை கல்லு மாதிரி போகிறதாம். 140-க்கு மேல் ஸ்டீயரிங் லேசாகி, பின்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கிறதாம். பின்னால் பெரிய ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பிப் பின்பக்கத்தை அமுக்கும் பலகை) ஒன்று வாங்கலாமா என்கிறார்.

வாங்க வேண்டாம், இப்போதைக்கு. முதலில் குனிந்து பின் டயர் இரண்டையும் பாருங்கள்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். கேரளா என்றாலும் எங்களுக்கு வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். காலையில் டி.என்.41 வண்டி வந்தால் மத்தியானம் கே.எல்.70 வரும். பொள்ளாச்சிக்காரர் "மெதக்குதுங்ணா" என்பார், சித்தூர்க்காரர் "சேட்டா, வண்டி பாளுன்னு" என்பார். புகார் ஒன்றுதான். அதிலும் ஆனி, ஆடி மாதங்களில் கூட்டம் கூடும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலையே இல்லாத வாசல் எங்கள் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மொத்தமும் அதில் புகுந்து கிழக்கே ஓடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார். கோவை–பொள்ளாச்சி ரோடு தெற்கு வடக்காகப் போவதால் காற்று நேராகக் கதவில் அடிக்கும். கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறியதும் வண்டி கிழக்கே ஒரு அடி நகர்ந்ததை அந்த வழியில் போனவர்கள் உணர்ந்திருப்பார்கள். வண்டியின் நிலைத்தன்மையைப் பற்றிப் பாடம் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நான் படித்த முதல் பாடம் வாளையாறில். அப்போது சொந்தக் கடை இல்லை, வேறொரு டயர் கடையில் வேலை. என் காரில் நான்கு டயரும் தேய்ந்திருந்தன, கையில் இரண்டுக்குத்தான் காசு. முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்சக்கரம்தானே திரும்புகிறது என்று புது டயர் இரண்டையும் முன்னால் போட்டேன். எல்லாக் கடையிலும் அப்படித்தான் போடுவார்கள். ஜூலை மாதம், நல்ல மழை, கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குத் திரும்புகிறேன். காட்டுப் பகுதியில் லேசான ஒரு வளைவு, வேகம் 90 இருக்கும். முன்னால் ஒரு லாரி பிரேக் அடித்தது போலத் தெரிய, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். முன்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொண்டது, பின்பக்கம் தண்ணீர் மேல் ஏறி என்னை முந்தப் பார்த்தது. ஒன்றரைச் சுற்று. நின்றபோது வண்டி வந்த திசையையே பார்த்துக்கொண்டு நடுத் தடுப்பை ஒட்டி நிற்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன தம்பி, கோயமுத்தூருக்கே திரும்பிப் போறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து என் கடையில் புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் பின்னால்தான் போடுவேன். வாடிக்கையாளர் சண்டை போடுவார், டயர் கம்பெனிகளே அதைத்தான் சொல்கின்றன என்று எடுத்துக் காட்டுவேன். உங்கள் கேள்விக்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. பின்பக்கப் பிடி முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் வண்டி, காற்றோ பள்ளமோ தட்டிவிட்டாலும், தானாகவே நேராகி வரும். எந்த வேகத்திலும். பின்பிடி குறைந்த வண்டி அப்படியில்லை. அதற்கென்று ஒரு வேகம் உண்டு. அது வரைக்கும் ஒழுங்காகப் போகும். அதைத் தாண்டினால் சின்ன அசைவுகூட அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். நூறு வரை கல்லு மாதிரி, 140-க்கு மேல் மிதப்பு என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. பட்டத்துக்கு வால் கட்டுகிறோமே, ஏன்? வால் சின்னதாக இருந்தால் இளங்காற்றில் ஒழுங்காகப் பறக்கும், காற்று ஏறினால் குட்டிக்கரணம் போடும். காருக்கு வால் பின் டயர்தான்.

அதனால் பின் டயரில் பட்டன் (ரோட்டைக் கவ்வும் மேல்வெட்டு) எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் இருந்தும் ரப்பர் கட்டையாகிவிட்ட டயரைத் தினமும் பார்க்கிறேன். அப்புறம் வேகக் குறியீடு. சைஸுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து: டி என்றால் 190, ஹெச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர் வரை. கம்பெனி 'வி' டயர் போட்டுக் கொடுத்த காரில் விலை குறைவு என்று 'டி' வாங்கிப் போட்டுவிட்டு, பவரை மட்டும் கூட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த டயரின் பக்கச்சுவர் பெரும்பாலும் கொழகொழவென்றுதான் இருக்கும். வண்டி நீந்தத்தான் செய்யும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், முழு லோடுக்கு வேறு அளவு, சில கார்களில் அதிவேகத்துக்கும் வேறு அளவு கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். பங்க்கில் இருக்கும் மீட்டரை நம்பாமல் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனில் மாயம் ஒன்றும் கிடையாது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். போன வருஷம் உங்களைப் போலவே ஒரு பையன், பொள்ளாச்சிக்காரர், இறக்கின வண்டியோடு வந்தார். "மூணு எடத்துல அலைன்மென்ட் பாத்துட்டேங்ணா, எல்லாம் பச்சைல இருக்குது, ஆனா வண்டி ஆட்டுது" என்றார். மிஷின் திரையில் முன்சக்கர எண்கள் பச்சைதான், அதாவது அளவுக்குள்தான். பின்பக்க எண்ணை யாரும் அவருக்குக் காட்டவே இல்லை. இந்த ரக ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே இரும்புத் தண்டு. அதில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) திருப்பி வைக்க போல்ட் கிடையாது. திருப்ப முடியாததை எதற்குக் காட்டுவானேன் என்று விட்டுவிடுவார்கள். நான் பார்த்தபோது ஒரு பின்சக்கரம் உள்ளே பார்க்கிறது, மற்றது வெளியே பார்க்கிறது. பின்சக்கரம் இரண்டும் லேசாக உள்நோக்கி இருந்தால் வண்டி நேராக ஓடப் பிரியப்படும். ஒன்று வெளியே திரும்பியிருந்தால், வேகம் ஏற ஏற அது பின்னாலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்கி, புஷ் இருக்கும் இடத்தில் கடப்பாறையை வைத்து நெம்பினேன். பீமைப் பாடியோடு பிடிக்கும் புஷ் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து, விரல் நுழையும் அளவுக்குத் திறந்து மூடியது. அந்தப் பையன் கீழே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நின்ற இடத்தில் மிஷின் காட்டும் எண் வேறு, 140-இல் அந்தப் புஷ் நெளியும்போது சக்கரம் நிற்கும் கோணம் வேறு. புஷ் மாற்றினோம், பீமுக்கும் சக்கரம் பூட்டும் ஹப்புக்கும் நடுவில் மெல்லிய தகடு கொடுத்து டோவைச் சரி செய்தோம். முன்னால், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷையும் பாருங்கள். அது போனால் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) ஆடும். கேஸ்டர்தான் ஸ்டீயரிங்கை நேருக்குத் திருப்பிக் கொண்டுவருவது.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் மிஷின் இல்லாத காலத்தில் நூல் கட்டித்தான் பார்ப்பார். நான்கு ஸ்டாண்டு வைத்து, காரின் இரண்டு பக்கமும் நூலை இழுத்து, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு என்று இரும்பு ஸ்கேலில் அளப்பார். முதலில் பின்சக்கரம், பிறகுதான் முன்சக்கரம். இன்று நாற்பதாயிரம் ரூபாய்க்குப் போன் வைத்திருக்கும் ஆட்களிடம் இந்த வரிசையைப் புரியவைக்க நான் படும் பாடு இருக்கிறதே, சரி விடுங்கள்.

வண்டியை இறக்கியது பற்றி. கீழே இறங்கினால் எடையின் மையம் இறங்கும், அது நல்லதே. ஆனால் கம்பெனி கொடுத்த ஷாக் அப்சார்பரை அப்படியே வைத்துவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் (வெட்டியிருந்தால் இன்னும் மோசம்) சக்கரம் மேலே போக இடமில்லாமல் பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பரில் முட்டும். மேம்பாலத்தின் இரும்பு இணைப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? அந்த நொடியில் உங்களுக்கு சஸ்பென்ஷனே இல்லை, கட்டை வண்டி ஓட்டுகிறீர்கள். இறக்கியதில், ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் கோணமும் மாறியிருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் தானாக இப்படியும் அப்படியும் திரும்பும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஜோடியாக வாங்குங்கள், இல்லையென்றால் பழையதையே திருப்பிப் போடுங்கள். அலாய் வீலின் ஆஃப்செட்டையும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்ற அளவு) பாருங்கள். சக்கரம் வெளியே தள்ளி நின்றால், லோடு லாரிகள் ரோட்டில் போட்ட பள்ளத் தடத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு காற்று. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். ஒரு சாதாரண கார், தூக்குதல் கெழு (காற்று அந்த வடிவத்தை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.15, முகப்புப் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர் என்று வையுங்கள். 90-இல் காற்று அதைத் தூக்குவது பதினொரு கிலோ சொச்சம், பக்கத்து சீட்டில் வைத்த அரிசிப் பை அளவு. 180-இல் அது நான்கு மடங்காகி 46 கிலோ. டன் கணக்கில் எடையுள்ள காருக்கு இது பெரிதா என்றால், அந்தத் தூக்குதல் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதுதான் விஷயம். பின்னால் கூடினால் முதலில் சொன்ன கதைதான்.

இதற்குப் பெரிய கம்பெனியே பட்ட பாடு உண்டு. ஆடி டிடி முதல் மாடல் வந்த புதிதில் ஜெர்மனியின் ஆட்டோபானில் அதிவேக விபத்துகள் நடந்து, கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின்னால் ஒரு சின்ன ஸ்பாய்லர், சஸ்பென்ஷனில் மாற்றம், கூடவே ஈஎஸ்பி (வண்டி வழுக்கினால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேராக்கும் மின்னணு அமைப்பு). மூன்றும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், ஸ்பாய்லரை மட்டும் ஒட்டி அனுப்பவில்லை. 1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் வாத்து வாலும் பின்பக்கத் தூக்குதலைக் குறைக்க வைத்ததே. அதுவும் ஒரு மடிப்புதான். அதாவது, ஸ்பாய்லர் வேலை செய்யும். ஆனால் கடையில் டபுள் டேப் போட்டு ஒட்டித் தருகிற, விமான இறக்கை உயரத்துக்கு நிற்கிற சாமானை யாரும் உங்கள் வண்டியில் வைத்து அளந்து பார்த்ததில்லை. பின் ஆக்சிலுக்கும் பின்னால் அவ்வளவு விசையை வைத்து அமுக்கினால் சீசா பலகை மாதிரி முன்பக்கம் எழும். ஸ்டீயரிங் ஏற்கெனவே லேசாக இருக்கிறது என்கிறீர்கள், இன்னும் லேசாகும்.

காசில்லாமல் ஒன்றைப் பார்த்துவிடலாம். இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி இறங்கியிருப்பதால் ஸ்பீட் பிரேக்கரில் உடைந்து, ஏதோ ஒரு சர்வீஸில் கழற்றிப் போட்டிருப்பார்கள். அந்தக் கவர் இல்லாவிட்டால் காற்று இன்ஜின் அறைக்குள் முட்டி முன்பக்கத்தைத் தூக்கும். இல்லையென்றால் கம்பெனி கவரையே வாங்கி, எல்லாக் கிளிப்பும் போட்டு மாட்டுங்கள். அப்புறம், ஈஎஸ்பி பட்டனை அணைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை: நம் நாட்டில் எந்தச் சாலையிலும் காருக்கு 140 அனுமதி கிடையாது. 140-ஐ நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கம்பெனி வடிவத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இடம் தராது, எங்கள் கேரளப் பக்கம் அதில் கறாராக இருப்பார்கள். சோதித்துப் பார்க்க ஆசையென்றால் கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதன் பெயரில் உள்ள தடம். 2 கிலோமீட்டர் சொச்சம்தான், பெரிய வேகம் எட்ட முடியாது. ஆனால் வேகமான வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் என்ன செய்கிறது என்பது ஒரே சுற்றில் தெரிந்துவிடும், அங்கே பின்னால் லாரியும் வராது.

பொள்ளாச்சிப் பையன் பின்னால் இரண்டு புது டயரும் போட்டுக்கொண்டு, ஆடி மாதம் கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு போன் செய்தார். "ஒரு கையில பிடிச்சேங்ணா, நேரா போகுது" என்றார். இரண்டு கையிலும் பிடிக்கச் சொன்னேன்.

உங்கள் ஊரில் அலைன்மென்ட் பார்த்தால் அளவுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேலை செய்வதற்கு முன்னால் எடுத்தது ஒன்று, பின்னால் எடுத்தது ஒன்று. பதிலுக்குக் கீழே படம் போட்டுவிடுங்கள். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு, பின்பக்க டோ எண்கள் தெரிகிற மாதிரி எடுங்கள்.