கேப்டன் வேலை பாரிஸில் என்ன ஆகும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முருங்கப்பாக்கத்தில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பு, ஒயிட் டவுன் ஹோட்டல் ஒன்றில் நாலு வருஷம் கேப்டன், அதாவது பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் வேலை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணோடு கல்யாணம் முடிந்து, பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் மாமனார் வீட்டுக்கு வரப்போகிறார். "இங்க பதினாலு மணி நேரம் நின்னு பழகிட்டேன். அங்க வாரம் 35 மணி நேரம்தானாமே? எந்த வேலையில சேரலாம், கையில எவ்வளவு நிக்கும்?" என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த 35-ஐப் பேசிவிடுவோம். சட்டம் சொல்வது 35தான். ஆனால் ஹோட்டல், கஃபே, ரெஸ்தோரான் மூன்றுக்கும் சேர்த்து 1997 ஏப்ரல் 30-இல் போட்ட தனித் தொழில் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் முழுநேர வேலை பெரும்பாலும் 39 மணி நேரத்துக்குத்தான் எழுதப்படும். 36 முதல் 39 வரையிலான மணிக்கு 10 சதவீதம் கூடுதல், 40 முதல் 43 வரை 20 சதவீதம், 44-இலிருந்து 50 சதவீதம். எந்த வாரமும் 48-ஐத் தாண்டக் கூடாது. சமையல்காரருக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரம், சர்வீஸில் நிற்பவருக்கு பதினொன்றரை. வாரம் இரண்டு நாள் லீவு, ஆனால் அந்த இரண்டும் அடுத்தடுத்து வரும் என்று நம்பி வராதீங்க.

இதைச் சம்பளச் சீட்டில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். இங்கே அதற்கு 'ஃபிஷ் த பே' என்று பெயர். மேலே முதல் வரியில் 151.67 என்று இருக்கும். அது 35 மணி நேர வாரத்தின் மாதக் கணக்கு. அடுத்த வரியில் 17.33, பக்கத்தில் 10 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 169 மணி நேரம். குறைந்தபட்சக் கூலியை 'ஸ்மிக்' என்பார்கள். 2025-இல் அது மணிக்கு 11.88 யூரோ, ஜனவரிதோறும் மாறும், நீங்கள் வரும்போது உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்க. அந்தக் கணக்கில் 1,802-உம் 226-உம் சேர்ந்து பிடித்தத்துக்கு முன் ஏறத்தாழ 2,028 யூரோ, கைக்கு 1,630 பக்கம் வரும். சீட்டில் சாப்பாட்டுக்கு என்று ஒரு தொகை மேலே கூட்டி, கீழே கழித்திருக்கும். சாப்பாடு ஒன்றுக்கு 4.22 யூரோ என்பது 2025 கணக்கு. அதைப் பார்த்துப் பதறாதீங்க, வரியும் பிடித்தமும் போடுவதற்காகச் சாப்பாட்டையும் சம்பளமாகக் காட்டும் முறை அது. சாப்பாட்டு வேளையில் வேலை இருந்து, அவர்கள் சாப்பாடு போடவில்லை என்றால் அந்தத் தொகை உங்கள் கைக்கு வரவேண்டும். பாரிஸ் பகுதி ரயில், பஸ்ஸுக்கான 'நவிகோ' மாத பாஸில் பாதியும் முதலாளி தரவேண்டும். 2025-இல் பாஸ் 88.80, உங்களுக்கு 44.40.

இனி வேலைக்கு வருவோம். புதுச்சேரியில் வெள்ளி சாயங்காலம் ஈ.சி.ஆர். வழியே வரும் கூட்டத்தைக் கணக்குப் போட்டு ஆள் வைப்பார்கள். செவ்வாய், புதனில் அதே ஆட்கள் பித்தளை துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அறைக்கு ஒருவருக்கு மேலேயே ஆள் இருக்கும் ஹோட்டல்கள் நம் ஊரில் சாதாரணம். பாரிஸில் 40 அறையுள்ள மூன்று நட்சத்திர ஹோட்டலைப் பத்துப் பன்னிரண்டு பேர் நடத்திவிடுவார்கள். கூலி மணிக்கணக்கு என்பதால் செவ்வாய்க்கிழமை ஆளைக் குறைத்தேதான் 'பிளானிங்' என்ற ஷிஃப்ட் அட்டவணையைப் போடுவார்கள். அதனால் ரிசப்ஷனில் இருப்பவரே காலையில் காபி மெஷினைப் பார்ப்பார், பெட்டி தூக்குவார், பூட்டுக்கு பேட்டரியும் மாற்றுவார். உங்கள் கேப்டன் பதவிக்கு இங்கே சமமானது 'ஷெஃப் த ரான்'. கீழே ஆள் வைத்து வேலை வாங்கும் பதவி என்று நினைக்க வேண்டாம், ஐந்தாறு மேஜைக்கு நீங்களே பொறுப்பு, தட்டையும் நீங்களே தூக்கவேண்டும். உதவிக்கு ஒரு 'கொமி' இருந்தால் அதிர்ஷ்டம்.

நேர்த்தியான ஆள்கணக்கு எங்கே உடைகிறது என்று பார்க்க அறை சுத்தம் செய்யும் பிரிவைப் பாருங்க. 80 அறை, முக்கால்வாசி நிரம்பினால் 60. மணிக்கு மூன்று அறை என்று வைத்தால் 20 மணி நேர வேலை, மூன்று பேர் போதும் என்று தாளில் வரும். அதாவது அறைக்கு 20 நிமிஷம். தங்கியிருப்பவரின் அறைக்கு அது போதும். காலி செய்த அறைக்கு மெத்தை விரிப்பு, ரஜாய் உறை, நாலு தலையணை உறை, குளியலறைக் கண்ணாடி, ஷவரில் ஒட்டிய முடி, குப்பை, தூசு எல்லாம் சேர்ந்து அரை மணிக்கு மேல் இழுக்கும். ஞாயிறு காலையில் 60-இல் 45 காலியானால் கணக்கு சரிந்துவிடும். மிச்ச நேரத்தை யார் சுமப்பது? வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுத்திருந்தால், பெரும்பாலும் அறை சுத்தம் செய்யும் பெண்களின் கூலியில்லாத நேரம்தான் அதைச் சுமக்கிறது.

பாரிஸ் பத்தினியோல் ஐபிஸ் ஹோட்டலில், அப்படி வெளி கம்பெனியில் இருந்த அறைப் பணியாளர்கள் 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி 2021 மே வரை, 22 மாதம் நின்றார்கள். மணிக்கு மூன்றரை அறை என்றிருந்ததை மூன்றாகக் குறைத்ததும் அவர்கள் பெற்றதில் ஒன்று. அதில் முன்னே நின்ற ராஷெல் கேகே 2022-இல் நாடாளுமன்றத்துக்கே போனார். ஆகவே யாராவது உங்களிடமோ வீட்டுப் பெண்களிடமோ 'அறைக்கு இவ்வளவு' என்று பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீங்க. இங்கே கூலி மணிக்குத்தான்.

ஆளுக்குப் பஞ்சமும் உண்மை. கொரோனாவில் கடை மூடியபோது போனவர்களில் பலர் திரும்பவில்லை. தொழிலாளர் அமைச்சின் புள்ளிவிவரப் பிரிவான தாரேஸ் கணக்கில் 2020 பிப்ரவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையில் மட்டும் சுமார் 2,37,000 பேர் இந்தத் தொழிலில் குறைந்தார்கள். அதன் பிறகுதான் 2022 ஏப்ரலில் இந்தத் தொழிலின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலைச் சராசரியாக 16 சதவீதம் உயர்த்தினார்கள். நாலு வருஷ அனுபவமுள்ளவர், கேட்டுப் பேசி வாங்கலாம். அடி மட்டத்தில் போட்டால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடவேண்டியதில்லை.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது 'கூப்பூர்' பற்றி. மதிய சர்வீஸ் மூன்று மணிக்கு முடியும், இரவு சர்வீஸ் ஆறரைக்குத் தொடங்கும். நடுவில் உள்ள அந்த மூன்றரை மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.  ரெஸ்தோரானுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர் போய்ப் படுத்து எழுந்து வருவார். சார்செல்லிலிருந்து ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் வருபவருக்கு அது ஒரு முழுப் பகல் தெருவில் நிற்பது. காலை பத்தரைக்கு வந்து இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால், சீட்டில் ஒன்பதரை மணி நேரம்தான் ஏறும், வாழ்க்கையில் பதின்மூன்று போய்விடும். கல்யாணமான புதிதில் இது வீட்டுக்குள் மனஸ்தாபத்தைக் கொண்டுவரும்.

அதனால் முதல் வேலைக்கு ஹோட்டலைப் பாருங்க, ரெஸ்தோரானை அப்புறம் பார்க்கலாம். ஹோட்டல் காலை உணவுப் பிரிவு ஆறரை முதல் இரண்டரை வரை ஒரே மூச்சில் ஓடும். ரிசப்ஷனும் அப்படித்தான், மூன்று ஷிஃப்ட். ஒன்று மட்டும் பாருங்க: ஆறு மணி ஷிஃப்டுக்கு சார்செல்லிலிருந்து முதல் ரயிலில் வந்து சேர முடியுமா என்று நேர அட்டவணையைப் பார்த்த பிறகே 'சரி' சொல்லுங்க. இரவு வேலையும் வரும், சம்பளம் கொஞ்சம் மேல், உடம்புக்கு ஆகாது, ஓராண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

பாஷையில் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்த பிரெஞ்சு ரிசப்ஷனுக்குப் பாதி வழி கொண்டுவிடும். மீதி, காது பழகவேண்டும். எதைக் கேட்பதற்கும் முன் 'போன்ழூர்' சொல்லாவிட்டால் இங்கே மரியாதைக் குறைவு. சமையலறையில் 'ஷோ தவான்' என்று பின்னாலிருந்து குரல் வந்தால் சுடச்சுடப் பாத்திரம் வருகிறது என்று அர்த்தம், ஒதுங்கிவிடுங்க.

சொந்தக்காரர் வழியாக வரும் வேலையைப் பற்றி எச்சரிக்கிறேன். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் நம் ஆட்கள் மூலம் ஒரே நாளில் வேலை கிடைக்கும், அந்த உதவி பெரிது. ஆனால் பல இடங்களில் 20 மணி நேரத்துக்கு எழுதி 50 மணி நேரம் வேலை வாங்கி மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். மாதக் கடைசியில் லாபம் போலத் தெரியும். இங்கே வாடகைக்கு வீடு எடுக்க மூன்று மாத ஃபிஷ் த பே கேட்பார்கள், சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பார்கள். 20 மணி நேரச் சீட்டை வைத்துக்கொண்டு மாமனார் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. வேலை போனால் அரசு தரும் படிக்கு 24 மாதத்தில் 910 மணி நேரமாவது சீட்டில் இருக்கவேண்டும். எழுதாத மணி எதற்கும் உதவாது. கல்யாணம், விழா நாட்களுக்கு 'எக்ஸ்த்ரா' என்று ஒருநாள் வேலையும் உண்டு. அதற்கும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்க. ஒரே இடத்தில் காலாண்டுக்கு 60 நாளுக்கு மேல் போனால் நிரந்தர வேலையாக மாற்றக் கேட்கலாம்.

வந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்யுங்க, தள்ளிப்போட்டால் தலைவலி. பிரெஞ்சுக்காரரின் கணவர் என்ற அந்த விசாவில் வேலை செய்ய உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு. சேரும் நாளுக்கு முன் உங்கள் பெயர், சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்களை வசூலிக்கும் 'உர்சாஃப்' அலுவலகத்தில் பதிவாகியிருக்கவேண்டும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்க. சாதாரணப் பணியாளருக்கு முதல் இரண்டு மாதம் பரீட்சைக் காலம், அதற்குள் அவர்களும் விடலாம், நீங்களும் விடலாம்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி, வந்த மணி, கூப்பூர் தொடங்கிய மணி, திரும்பிய மணி, போன மணி என்று அன்றன்றைக்கே பேனாவால் எழுதுங்க. பிளானிங்கையும் வாரா வாரம் போட்டோ எடுத்து வையுங்க. கூடுதல் மணிக்குச் சம்பளம் வராமல் வழக்கு என்று வந்தால் 'ப்ருதோம்' என்ற தொழிலாளர் நீதிமன்றம் மூன்று வருஷம் பின்னோக்கிப் பார்க்கும், தொழிலாளி கையால் எழுதிய நோட்டையும் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.