துவாஸ் தொழிற்பேட்டைல இருக்கிற எங்க கட்டடத்துல முதலாளி கூரை பூரா சோலார் போடலாம்ங்கறார், கரண்ட் பில் எவ்வளவு குறையும்? சிங்கப்பூர்ல போட்டவங்க அனுபவம் சொல்லுங்க. வருஷம் பூரா வெயில் அடிச்சும் இங்க ஏன் இன்னும் கேஸ்லயே கரண்ட் எடுக்கிறாங்க? கரண்ட் போனா சோலார் காப்பாத்துமா?

முக்கியமா ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. துவாஸ்ல இருக்கிற உங்க கட்டடத்துக் கூரைல சோலார் போட்டா பில் எவ்வளவு குறையும்னு ஒண்ணு, வருஷம் பூரா வெயில் அடிக்கிற இந்த ஊர்ல ஏன் இன்னும் முக்கால்வாசிக்கு மேல கேஸ்லயே கரண்ட் எடுக்கிறாங்கன்னு இன்னொண்ணு. நான் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்துல பராமரிப்புப் பிரிவுல இருக்கேன், கீழ வேர்ஹவுஸ், மேல ஆபீஸ், கூரைல 400 கிலோவாட் பேனல். போட்டு நாலு வருஷம் ஆச்சு. அதனால தெரிஞ்சத அப்படியே சொல்றேன்.

முதல்ல கணக்கு. இந்த ஊர்ல ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 யூனிட் குடுக்கும், நாள் கணக்குல பாத்தா 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. நம்ம ஊர்ல ராமநாதபுரம் பக்கம் கிடைக்கிற அளவு இங்க கிடைக்காது, வெயில் கொளுத்துற மாதிரி தெரியும் ஆனா வானத்துல மேகம் ஓடிக்கிட்டே இருக்கும், அதோட பேனல் சூடேற சூடேற விளைச்சல் குறையும், ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா. எங்க 400 கிலோவாட்டுக்கு மாசம் 40,000 யூனிட் வருது. கட்டடம் மொத்தம் சாப்பிடுறது 3 லட்சத்துக்கு மேல. அதாவது எட்டுல ஒரு பங்கு. பில் இல்லாமப் போயிடும்னு உங்க முதலாளி நினைச்சிருந்தார்னா இப்பவே சொல்லிடுங்க, உயரமான கட்டடத்துக்குக் கூரை ஒண்ணுதான் ஆனா மாடி பத்து, ஒவ்வொரு மாடிலயும் ஏசி.

நாட்டுக்கும் இதே கதைதான். கரண்ட்ல 95 சதவீதம் இயற்கை எரிவாயு. மொத்த நிலமே சுமார் 735 சதுர கிலோமீட்டர், அதுல பேனல் விரிக்க இடம் எங்க இருக்கு? அதனாலதான் தெங்கே நீர்த்தேக்கத்துல தண்ணி மேலயே 1,22,000 பேனல மிதக்க விட்டாங்க, 2021ல திறந்தது, 60 மெகாவாட். வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டு ப்ளாக் கூரைகள்ல 2014ல இருந்து சோலார்நோவா திட்டத்துல போட்டுக்கிட்டு வர்றாங்க. 2021ல அறிவிச்ச பசுமைத் திட்டத்துல 2030க்குள்ள குறைஞ்சது 2 கிகாவாட்னு இலக்கு வச்சாங்க, அவ்வளவு போட்டாலும் நாட்டுத் தேவைல 3 சதவீதம்தான்னு அவங்களே சொன்னாங்க. எங்க ப்ளாக் மேல பேனல் இருக்கே என் வீட்டு பில் ஏன் குறையலைன்னு என் மனைவியோட அக்காவே கேட்டாங்க. அந்த கரண்ட் லிஃப்ட்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் தண்ணி பம்ப்புக்கும் போகுது, மிச்சம் கிரிட்டுக்கு, அதாவது ஊருக்கே பொதுவான மின்கம்பிக்குப் போகுது, வீட்டு மீட்டருக்கு வர்றதில்ல.

சரி, அப்ப போட வேணாமான்னா, கண்டிப்பா போடுங்க. ஆனா எத்தனை பேனல்ங்கறத விட அந்தப் பேனல் வேலை செய்யற நேரத்துல உங்க கட்டடம் என்ன பண்ணிக்கிட்டு இருக்குங்கறதுதான் பெரிய விஷயம். இத நாங்க காசு கட்டித்தான் கத்துக்கிட்டோம்.

நடந்தது இதுதான். உயர் அழுத்த மீட்டர் வச்சிருக்கிற கட்டடங்களுக்கு பில்லுல யூனிட்டுக்கு மட்டும் காசு இல்ல, "இத்தனை கிலோவாட் வரைக்கும் இழுப்பேன்"னு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு அதுக்கும் மாசாமாசம் கட்டணும். மீட்டர் அரை மணிக்கு ஒரு தடவை சராசரி எடுக்கும். எங்களுக்கு 900 கிலோவாட் இருந்துச்சு. சோலார் போட்டுக் குடுத்தவங்க, மத்தியானம் 300 கிலோவாட் கூரைலருந்தே வருது, அப்புறம் எதுக்கு 900, 700 போதும்னாங்க, மேனேஜ்மென்ட்டும் காசு மிச்சம்னு ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு.

மூணாவது மாசம் ஒரு நாள், காலைல சுமத்ரா தீவு பக்கம் இருந்து வர்ற சுமத்ரா காத்து அடிச்சு செம மழை, கட்டடம் குளுகுளுன்னு இருந்ததால ஏசிக்குத் தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் ஒண்ணே ஒண்ணுதான் ஓடிச்சு. பதினோரு மணிக்கு மேல வெயில் வந்துச்சு, மழை பெஞ்ச வானம் பளிச்சுன்னு இருக்கும் பாருங்க, அந்த வெயில். சாப்பாடு முடிச்சு எல்லாரும் திரும்பி வந்ததும் மூணாவது மாடில இருந்து சூடா இருக்குன்னு போன். நான் ஒண்ணே கால் மணி வாக்குல ரெண்டாவது சில்லர ஸ்டார்ட் பண்ணினேன். கட்டடத்து லோடு 620ல இருந்து 820க்குப் போச்சு, அது எனக்குத் தெரிஞ்ச கணக்குதான், சோலார் 300 குடுக்குது, கிரிட்ல இருந்து 520தான், பயமில்லன்னு நினைச்சேன். எங்க சில்லர் ரூமப் பாத்துக்கிற அண்ணன் ஜோகூர்ல இருந்து தினமும் பாலம் தாண்டி வர்றவர், அவர் கூலிங் டவர் பக்கம் நின்னுக்கிட்டு வாக்கிடாக்கில கூப்பிட்டார், "தம்பி, மேற்க கருக்குது, ரெண்டாவத இப்பவா ஓட்டின?"னு. நான் ஸ்க்ரீனப் பாக்கறேன், பேனல் கரண்ட்ட கட்டடத்துக்கு ஏத்த கரண்ட்டா மாத்தற இன்வெர்ட்டர்ல 304, அப்புறம் 190, அப்புறம் 85, அப்புறம் 60. எல்லாம் மூணு நிமிஷத்துக்குள்ள. கிரிட் மீட்டர் 760. அந்த மேகம் அரை மணி நேரம் நகரவே இல்ல. ஒரே ஒரு அரை மணி சராசரி 700ஐத் தாண்டினது அந்த மாசப் பில்லுல தனி வரியா வந்து நின்னுச்சு, அதுவும் ஒப்பந்த ரேட்ட விட அதிக ரேட்டுல.

யூனிட்டக் குறைக்கறது வேற, உச்ச லோடக் குறைக்கறது வேற. சோலார் யூனிட்டக் கண்டிப்பா குறைக்கும். உச்ச லோட அதுவா குறைக்காது, ஏன்னா ஒரு மாசத்துல ஒரு மேகம் போதும். இத உங்க முதலாளிகிட்ட முதல் நாளே பேசிடுங்க.

அதுக்கப்புறம் நாங்க பண்ணின மாத்தம்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கட்டடத்துல பேட்டரி இல்லைன்னு எல்லாரும் நினைக்கறோம், ஆனா குழாய்ல ஓடற குளிர்ந்த தண்ணியும் காங்க்ரீட் சுவரும் ஒரு வகைல பேட்டரிதான். மேகம் மூடி சோலார் திடீர்னு விழுந்தா கன்ட்ரோல் சிஸ்டம் உடனே ரெண்டு சில்லரோட லோடு லிமிட்டையும் 100ல இருந்து 70 சதவீதத்துக்கு இறக்கும், அதுலயே நூறு கிலோவாட்டுக்கு மேல குறைஞ்சிடும். இருபது நிமிஷம் அப்படி ஓடினா தண்ணி 7 டிகிரில இருந்து எட்டரைக்கு ஏறும், மேல ஆபீஸ்ல அரை டிகிரி கூட மாறாது, யாரும் போன் பண்ணினதில்ல. ரெண்டாவது சில்லர் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி கட்டட லோட மட்டும் பாக்காம கிரிட் மீட்டரையும் சோலாரையும் சேத்துப் பாக்கற மாதிரி மாத்தினோம். சோலார் முழுசா போனாலும் 700 தாண்டாதான்னு கணக்குப் போட்டுட்டுத்தான் ஓடும்.

அடுத்தது நேரத்த நகத்தறது. எங்க ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் பேட்டரி வண்டி, சாயந்தரம் ஷிஃப்ட் முடிஞ்சதும் வரிசையா சார்ஜ்ல போடுவாங்க. இப்ப சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைல இருந்து ரெண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போடறோம். ஸ்டோர் சூப்பர்வைசர் ஒத்துக்கவே ஒரு மாசம் ஆச்சு, அவருக்கு வண்டி தயாரா நிக்கணும், நியாயம்தான். மேல் தொட்டிக்குத் தண்ணி ஏத்தற பம்ப் காலைல ஏழு மணிக்கு ஓடிக்கிட்டு இருந்தத பதினோரு மணிக்கு மேல வச்சோம். இங்க வெயில் உச்சிக்கு வர்றது பன்னிரண்டு மணிக்கு இல்ல, ஒரு மணிக்கு, ஏற்கனவே சூரிய நேரத்துக்கு அரை மணி வாக்குல முன்னாடி இருந்த கடிகாரத்த 1982ல இன்னும் அரை மணி முன்னாடி தள்ளினதால, அதனால டைமர் வைக்கறப்ப பன்னிரண்ட நடுவா வச்சுடாதீங்க.

முன்கூட்டியே குளிர வைக்கறதுன்னு ஒண்ணு சொல்வாங்க, வெயில் இருக்கிறப்ப கட்டடத்த நல்லா குளிர வச்சுட்டு அப்புறம் ஏசியக் குறைக்கறது. நல்ல யோசனைதான், ஆனா இந்த ஊர் ஈரப்பதம் வேற மாதிரி. நாங்க ஆர்வத்துல ஒரு நாள் 22க்கு இறக்கினோம், லோடிங் பே கதவு திறந்து வெளிக்காத்து உள்ள வந்ததும் காத்து வர்ற கிரில்ல முத்து முத்தா தண்ணி கோத்து அட்டைப்பெட்டி மேல சொட்டிச்சு. இப்ப 23க்குக் கீழ போறதில்ல.

இன்னொரு சங்கதி, இத யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கற கரண்ட்ல எவ்வளவு உண்மையா வேலை செய்யுதுங்கற கணக்கு. மோட்டார் நிறைய இருக்கிற கட்டடம் வேலை செய்யற கரண்ட்டோட சேத்து ரியாக்டிவ் பவர்னு, மோட்டார்ல காந்தப்புலம் உண்டாக்க மட்டும் போய் வந்துக்கிட்டு இருக்கிற ஒண்ணையும் கிரிட்ல இருந்து இழுக்கும். இங்க யூனிட்ல 62 சதவீதத்துக்கு மேல ரியாக்டிவ் போனா அதுக்குத் தனியா காசு. எங்களுக்கு 800 கிலோவாட் லோடுக்கு ரியாக்டிவ் 390 வாக்குல இருக்கும், பாதிக்கும் கீழ, பிரச்சனையே இல்ல. சோலார் வந்து 300 கிலோவாட்டக் குடுத்ததும் கிரிட்ல இருந்து எடுக்கறது 500 ஆயிடுச்சு, ஆனா ரியாக்டிவ் அதே 390. இப்ப அது 78 சதவீதம். கட்டடத்துல ஒரு மோட்டார் கூட மாறல, கணக்கு மட்டும் மாறிப்போச்சு, பில்லுல புதுசா ஒரு வரி. எலக்ட்ரீஷியன் ஒரு வாரம் ரியாக்டிவ்வ ஈடு கட்டற கெபாசிட்டர் பேங்க்கையே திறந்து திறந்து பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம் இன்வெர்ட்டர் செட்டிங்ல கொஞ்சம் ரியாக்டிவ்வும் குடுக்கற மாதிரி மாத்தி சரி பண்ணினோம். நீங்க கோட்டேஷன் வாங்கறப்பவே இத எழுத்துல கேளுங்க.

ஞாயித்துக்கிழமை கூரைல 300 வருது, கட்டடத்துல 250தான் லோடு, மிச்சம் வெளிய போகும். அதுக்குக் காசு கிடைக்கும், ஆனா அந்த நேரத்து மொத்த விற்பனைச் சந்தை விலைதான், நாம வாங்கற விலைல இருக்கிற, கரண்ட்டக் கொண்டு வர்ற கம்பிக் கட்டணம் அதுல சேராது. அதனால விக்கற யூனிட்ட விட நாமளே பயன்படுத்தற யூனிட்டுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

கிரிட் பக்கம் இருந்து பாத்தா எங்க கட்டடத்துல நடந்ததே பெருசா நடக்குது. நாட்டு உச்ச லோடு சுமார் 8,000 மெகாவாட். வெயில் நேரத்துலதான் ஆபீஸ் ஏசியும் ஓடுது, அது நமக்கு அதிர்ஷ்டம், சோலாரும் லோடும் ஏறக்குறைய சேந்தே ஏறுது. ஆனா ஏழு மணிக்கு மேல சூரியன் பொத்துன்னு விழுந்ததும் வீவக வீடுகள்ல ஒவ்வொரு ரூமா ஏசி ஆன் ஆகும், அப்ப கூரைல ஒண்ணும் இல்ல. கிழக்கு மேற்கா சாங்கில இருந்து துவாஸ் வரைக்குமே நாற்பது சொச்சம் கிலோமீட்டர், பெரிய நாடுகள் மாதிரி ஒரு ஊர்ல மழைன்னா இன்னொரு ஊர் வெயில நம்ப முடியாது. மேகம் வந்து சோலார் விழற அந்த நிமிஷத்துல ஈடு கட்ட எரிவாயு மின் நிலையங்கள் முழுத் திறன்ல ஓடாம கொஞ்சம் மிச்சம் வச்சு ஓடிக்கிட்டே இருக்கணும். ஜூரோங் தீவுல 2023ல ஒரு பெரிய பேட்டரி நிலையம் திறந்தாங்க, 285 மெகாவாட் மணி, அதாவது 2,85,000 யூனிட் சேத்து வைக்கும். கேக்க பெருசு, ஆனா 8,000 மெகாவாட்டுக்கு அத வகுத்துப் பாருங்க, நாடு பூரா அத மட்டும் நம்பினா ரெண்டு நிமிஷம். அது ராத்திரி முழுக்க ஓட்டறதுக்கு வச்சதில்ல, திடீர்னு விழற பள்ளத்த நிரப்ப வச்சது. அந்தப் பள்ளத்த ஒவ்வொரு கட்டடமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சின்னதாக்கினா எவ்வளவு கேஸ் மிச்சம்னு நான் அடிக்கடி நினைப்பேன். 2021 கடைசில கேஸ் விலை ஏறினப்ப கரண்ட் விக்கற கம்பெனிகள் ஒண்ணொண்ணா கடைய மூடிட்டுப் போனது ஞாபகம் இருக்குல்ல, அப்பதான் எனக்கு இது வெறும் பில் விஷயம் இல்லன்னு புரிஞ்சுது.

கரண்ட் போனா சோலார் காப்பாத்துமான்னும் கேட்டிருந்தீங்க. காப்பாத்தாது. கிரிட் போன உடனே இன்வெர்ட்டர் தானா நின்னுடும், வெளிய கம்பில வேலை பாக்கறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுங்கறதுக்காக. பேட்டரியும் அதுக்குன்னு தனி ஏற்பாடும் இருந்தாத்தான் ஓடும்.

பேனல் சாய்வு பத்தி ஒரு வார்த்தை. நாம பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கறதால படுக்க வச்சாலும் வெயில் கிடைக்கும், ஆனா பத்து டிகிரியாவது சாய்ச்சு வைக்கச் சொல்லுங்க, மழைத்தண்ணி வழிஞ்சு அழுக்கக் கொண்டு போகணும். எங்க கூரைல ஒரு பக்கம் ரொம்பத் தட்டையா போட்டுட்டாங்க, அந்த வரிசைல எல்லாப் பேனலுக்கும் கீழ் ஓரத்துல விரல் அகலத்துக்குப் பச்சையா பாசி கட்டி நிக்குது, மைனா எச்சம் வேற. துணி வச்சுத் துடைச்சா போகாது, மெல்லிசான பிரஷ் வேணும்.

கடைசியா, உங்க முதலாளி கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கரண்ட் கம்பெனிகிட்ட ஒரு வருஷத்து அரை மணி நேர மீட்டர் ரீடிங் கேட்டு வாங்குங்க, எக்ஸெல் ஃபைலா அனுப்புவாங்க. சோலார்காரங்க மார்ச் மாசத்து வெயில வச்சுக் கணக்குக் காட்டுவாங்க, நீங்க டிசம்பர், ஜனவரி மழை மாசத்த எடுத்து வச்சு, சோலார் சுத்தமா வராத ஒரு மத்தியானத்துல உங்க கட்டடம் எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. ஒப்பந்தக் கிலோவாட்ட அந்த எண்ணுக்குக் கீழ இறக்க விடாதீங்க.